நாளைக்குக் கணிதம்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூறு வயது நிறைந்த கல்லூரியின் மேடைக்கு ஒரு வைத்தியரை அழைத்தால் நீரிழிவு, இரத்த அழுத்தம், மூட்டுவலி என்று ஏதாவது பேசுவார் என்றுதான் சபை எதிர்பார்க்கும். செயற்குழுவும் "ஆரோக்கியம் பற்றி இருபது நிமிடம்" என்றே கேட்டது. எங்கள் வகுப்புத் தோழிகளோடு கலந்து பேசியபோது வேறொரு தலைப்பு வந்து சேர்ந்தது. கணிதப் பரீட்சைக்கு முந்திய இரவு! எங்கள் அணியில் சிலர் மருத்துவத்துக்கும் சிலர் பொறியியலுக்கும் சிலர் விஞ்ஞான பீடத்துக்கும் போனவர்கள். இந்த உரை அவர்கள் எல்லோரிடமும் கேட்டுத் திரட்டியது. ஆகவே "நான்" என்று சொல்லாமல் "நாங்கள்" என்றே பேசுகிறோம்.

இந்தத் தலைப்பு ஏன் என்றால், ஒவ்வொரு பரீட்சைக் காலத்திலும் எங்களுக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி இதைப் பற்றித்தான். உக்குவளையிலிருந்தும் வரும், இரத்தோட்டையிலிருந்தும் வரும், இலண்டனிலிருந்தும் டொரொண்டோவிலிருந்தும் வரும். "ஆன்ட்டி, நாளைக்கு மெத்ஸ். படித்ததெல்லாம் மறந்து போன மாதிரி இருக்கிறது. விடிய விடிய இருக்கலாமா, தூங்கட்டுமா?" என்று பிள்ளை கேட்கும். பின்னால் தாயின் குரல் கேட்கும்: "நித்திரை வராமல் இருக்க ஏதாவது குளிசை இருக்கா என்று கேள்." அந்தத் தாய் பெரும்பாலும் நம் கல்லூரியில் படித்தவர்தான். எனவே இந்தப் பதிலைச் சபை நடுவே ஒரேயடியாகச் சொல்லிவிடுவது எல்லோருக்கும் வசதி.

பல்கலைக்கழகம் போனவர்களுக்கு "குப்பி" என்ற சொல்லைத் தெரியாமல் இருக்காது. போகாதவர்களுக்காகச் சொல்கிறோம். மின்சாரம் இல்லாத வீடுகளில் சிறு போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றித் திரி போட்டு எரித்தோமே, அதுதான் குப்பி விளக்கு. அந்தப் பெயர்தான் இந்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் பரீட்சைக்கு முன் மாணவர்கள் கூடி, தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுக்கும் படிப்புக்கும் வழங்குகிறது. சம்பளம் இல்லை, நேர அட்டவணை இல்லை. விரிவுரையில் எழுதிய கொப்பிகள், பழைய வினாத்தாள்கள், ஒரு பிளாஸ்க் பிளேன்டீ, ஒரு பைக்கற் மாரி பிஸ்கட். பேராதனையில் கணிதப் பரீட்சைக்கு முதல் நாள் இரவு பெண்கள் விடுதியில் எந்தத் தளத்துக்குப் போனாலும் ஏதாவதோர் அறையில் குப்பி நடந்துகொண்டிருக்கும். மருத்துவ பீடத்தில் படித்த எங்களுக்குக் கணிதப் பரீட்சை இல்லை. ஆனால் தோழிகளின் அறைகளில் உட்கார்ந்து பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தபடி அந்த இரவுகளை நன்றாகவே பார்த்திருக்கிறோம்.

உயர்தரத்தில் இணைந்த கணிதத்துக்கு "ஏ" எடுத்துப் போன பிள்ளைகளே முதலாம் வருடக் கணிதத்தில் திணறுவதைப் பார்த்தோம். அதற்குக் காரணம் இரண்டு. முதலாவது மொழி. பொறியியல், விஞ்ஞானம், மருத்துவம் எல்லாம் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில்தான். பதின்மூன்று வருடம் சார்பு என்றும் எல்லை என்றும் தாயம் என்றும் தொகையீடு என்றும் படித்த பிள்ளைக்கு ஒரே மாதத்தில் அவையெல்லாம் ஃபங்ஷன், லிமிட், மேட்ரிக்ஸ், இன்டக்ரல் ஆகிவிடும். கணக்குத் தெரியும், கேள்வி என்ன கேட்கிறது என்பதுதான் தெரியாது. இரண்டாவது காரணம் கணிதமே மாறிவிடுவது. பாடசாலையில் "விடையைக் காண்க" என்று கேட்டார்கள். அங்கே "நிறுவுக" என்கிறார்கள். எல்லை என்றால் என்ன என்பதையே எப்சிலன், டெல்டா என்ற இரண்டு கிரேக்க எழுத்துகளை வைத்துச் சொல்லச் சொல்கிறார்கள். ஒரு கணக்கைப் பத்துத் தடவை செய்து பழகிய கை அங்கே உதவாது.

இப்படிப்பட்ட பாடத்தை ஒரே இரவில் விழுங்க முடியுமா? இதற்குப் பதில் தேட நாம் வெகுதூரம் போகத் தேவையில்லை. நம் ஊரிலிருந்து தம்புள்ளை வீதியில் சில நிமிடம் பஸ்ஸில் போனால் அலுவிகாரை. வட்டகாமினி அபய மன்னன் காலத்தில், கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில், பௌத்தர்களின் திரிபிடகத்தை முதன்முதலில் ஏட்டில் எழுதிய இடம் அதுவென்று சொல்லப்படுகிறது. அதற்கு முன் அவ்வளவு பெரிய நூற்றொகுதி பல தலைமுறைகளாகப் பிக்குகளின் மனத்தில்தான் இருந்தது. பஞ்சமும் போரும் வந்து, மனனம் செய்தவர்கள் இறந்தால் எல்லாம் அழிந்துவிடும் என்ற அச்சத்தில் எழுதி வைத்தார்கள். அவர்கள் எப்படி மனத்தில் வைத்திருந்தார்கள்? ஆளுக்கொரு பகுதியைப் பொறுப்பேற்று, ஒருவர் ஓத மற்றவர் கேட்டுத் திருத்தி, திரும்பத் திரும்ப, வருடக்கணக்காக. நம் பாட்டிமார் தேவாரம் சொல்லித் தந்ததும் இப்படித்தான். மாலை விளக்கு வைத்ததும் ஒரு பாட்டு, மறுநாளும் அதே பாட்டு. மனனம் என்றாலே மோசம் என்று இன்று பேசுகிறார்கள். எங்களுக்கு அது சரியாகப் படவில்லை. வாய்பாடு மனனமாக இருந்தால்தான் கணக்கு ஓடும். அந்த மனனத்தை ஒரே இரவில் செய்ய நினைப்பதில்தான் கோளாறு.

ஜேர்மனியில் ஹேர்மன் எபிங்ஹவுஸ் என்பவர் 1885ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் இதை அளந்து காட்டினார். பொருளற்ற அசைகளைத் தானே பாடமாக்கி, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தன்னையே சோதித்தார். முதல் ஒரு நாளுக்குள்ளேயே பெரும்பகுதி போய்விடுகிறது, அதன்பின் மறதியின் வேகம் குறைகிறது என்று கண்டார். இடைவெளி விட்டு மறுபடி படித்தால் ஒவ்வொரு முறையும் குறைந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது. கடைசி இரவில் ஆறு மணி நேரம் படிப்பதைவிட, ஆறு வாரம் வாரத்துக்கு ஒரு மணி நேரம் படிப்பது நிலைத்து நிற்கும் என்பதன் காரணம் இதுதான்.

"அதெல்லாம் சரி ஆன்ட்டி, ஆறு வாரம் போய்விட்டது, இப்போது ஓர் இரவுதான் இருக்கிறது" என்று தங்கைகள் முணுமுணுப்பது கேட்கிறது. வருகிறோம். அதற்கு முன் ஒரு கதை. கதையென்றாலும் நடந்தது.

கடைசி நேரப் படிப்பு நம் நாட்டுக்கு மட்டும் உரிய வியாதி என்று யாரும் நினைக்க வேண்டாம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டிரைப்பொஸ் என்ற கணிதப் பரீட்சை அதற்குப் பேர்போனது. 1909 வரை அதில் முதலாமிடம், இரண்டாமிடம் என்று வரிசைப்படுத்திப் பெயர் வாசிப்பார்கள். முதலாவதாக வருபவருக்கு "சீனியர் ராங்லர்" என்று பெயர். அதற்காகவே தனியார் பயிற்சியாளர்கள் இருந்தார்கள். எட்வர்ட் ரூத் என்ற ஒருவரிடம் படித்தவர்களில் இருபத்தைந்துக்கும் மேற்பட்டோர் முதலாமிடம் பெற்றார்கள். நம் நகரத்து டியூஷன் பலகைகளுக்கு முன்னோடி அவர்தான் என்று சொல்லலாம்.

1890ஆம் ஆண்டு அந்தப் பரீட்சையில் நியூன்ஹம் பெண்கள் கல்லூரி மாணவி பிலிப்பா போசெற் எல்லா ஆண்களையும் விடக் கூடிய புள்ளி எடுத்தார். பெண் என்பதால் அவருக்கு முதலாமிடம் கொடுக்கவில்லை. "சீனியர் ராங்லருக்கு மேலே" என்று வாசித்தார்கள். முதலாமவருக்கு மேலே என்று ஓர் இடம்! பட்டமும் கொடுக்கவில்லை. கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுமையாகப் பட்டம் வழங்கத் தொடங்கியது 1948இல்தான். ஈரத் துணியைத் தலையில் சுற்றிக்கொண்டு இரவிரவாகப் படித்தவர்கள் நிறைந்த அந்த ஊரில், போசெற் நேரத்துக்குப் படுத்து நேரத்துக்கு எழும்பிய மாணவி என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

அதே டிரைப்பொஸ் உலகத்திலிருந்து ஒரு புத்தகம் நம் பக்கம் வந்தது. இலண்டனில் மாணவர்களைப் பரீட்சைக்குத் தயார்செய்த கார் என்பவர் தன் பாடக் குறிப்புகளைத் தொகுத்து, ஏறத்தாழ ஐயாயிரம் சூத்திரங்களையும் தேற்றங்களையும் வரிசையாக அடுக்கினார். நிறுவல் அநேகமாக இருக்காது, விடை மட்டும் இருக்கும். இன்றைய மொழியில் சொன்னால் அது ஒரு "ஷோர்ட் நோட்". 1903 அளவில் அது கும்பகோணத்தில் பதினைந்து, பதினாறு வயதுப் பையன் ஒருவன் கையில் கிடைத்தது. அந்தப் பையன்தான் சீனிவாச ராமானுஜன். அவர் அதைப் பாடமாக்கி ஒப்புவிக்கவில்லை. ஒவ்வொரு சூத்திரமும் ஏன் சரி என்று தானே நிறுவிப் பார்த்தார். பரீட்சைக்காக எழுதிய அதே புத்தகம், திரும்பிப் பார்த்த கண்ணுக்கு ஒரு பல்கலைக்கழகமாகவே ஆகிவிட்டது.

ராமானுஜன் கதையில் வைத்தியர்களாகிய எங்களுக்கு ஒரு சங்கடமும் உண்டு. கும்பகோணத்தில் மற்றப் பாடங்களைக் கவனிக்காததால் புலமைப்பரிசிலை இழந்தார். சென்னை பச்சையப்பன் கல்லூரியிலிருந்து எழுதிய எஃப்.ஏ. பரீட்சையிலும் சித்தியடையவில்லை. அவரை வீழ்த்திய பாடங்களில் ஒன்று உடற்றொழிலியல். எங்கள் பாடம்! 1914இல் கேம்பிரிட்ஜ் சென்ற அவர் 1918இல் ரோயல் சொசைட்டியின் உறுப்பினரானார். பரீட்சையில் தோற்றவர்கள் எல்லோரும் ராமானுஜன் ஆகமாட்டார்கள் என்பது உண்மை. பரீட்சைப் புள்ளி ஒருவரின் முழு அளவு அல்ல என்பதும் அதே அளவு உண்மை. பெற்றோர் இரண்டையும் நினைவில் வைக்க வேண்டும்.

இனி அந்த இரவுக்கு வருவோம்.

கணிதத்தில் கடைசி நேரப் படிப்பு ஏன் ஏமாற்றுகிறது? செய்து முடித்த கணக்கைப் பார்த்தால் ஒவ்வொரு வரியும் புரியும். புரிவதால் "எனக்குத் தெரியும்" என்று தோன்றும். தெரிந்த முகத்தைத் தெருவில் கண்டால் அடையாளம் காண்பது வேறு, அந்த முகத்தை வெற்றுத் தாளில் வரைவது வேறு. பரீட்சை மண்டபத்தில் தருவது வெற்றுத் தாள். 2006ஆம் ஆண்டு அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஒரு பந்தியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடத்தின் பின் வைத்த சோதனையில் முந்தினார்கள். ஒரு முறை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரத்தின் பின் வைத்த சோதனையில் முந்தினார்கள்.

கணிதத்திலேயே செய்த இன்னோர் ஆய்வு 2007இல் வந்தது. ரோரர், டெய்லர் என்ற இருவர் திண்மங்களின் கனவளவுக் கணக்குகளை மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். ஒரு குழு ஒரே வகைக் கணக்குகளைச் சேர்த்துச் செய்தது. மற்றக் குழு கலந்து செய்தது. பயிற்சியின்போது சேர்த்துச் செய்தவர்களே நன்றாகச் செய்தார்கள். ஒரு வாரத்தின் பின் சோதித்தபோது கலந்து செய்தவர்கள் 63 வீதம், சேர்த்துச் செய்தவர்கள் 20 வீதம். ஏன் இவ்வளவு வித்தியாசம்? ஒரே வகைக் கணக்கைச் செய்யும்போது எந்த வழியைப் பாவிப்பது என்று யோசிக்கவே தேவையில்லை. பரீட்சையில் முதலில் யோசிக்க வேண்டியது அதைத்தான்.

இந்த இடத்தில்தான் குப்பியின் அருமை தெரிகிறது. குப்பியில் அதிகம் பயனடைபவர் கேட்பவர் அல்ல, சொல்லிக் கொடுப்பவர். மூடிய புத்தகத்தோடு வெள்ளைத் தாளில் எழுதி, "ஏன்?" என்று கேட்பவளுக்குப் பதில் சொல்லி, அவர்தான் உண்மையில் பரீட்சை எழுதிப் பார்க்கிறார். ஆகவே குப்பியில் ஒரே அக்கா முழு இரவும் பேசக் கூடாது. ஆளுக்கொரு கணக்கு என்று மாறி மாறிச் சொல்லிக் கொடுக்க வேண்டும். விளங்காதவளே பலகைக்கு முன் போக வேண்டும்.

அடுத்தது நித்திரை. பகலில் படித்ததை மூளை நித்திரையில்தான் ஒழுங்குபடுத்தி நிலைப்படுத்துகிறது. ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி தற்காலிகமாக வைத்திருப்பதை மூளையின் மேற்பரப்புக்கு மாற்றும் வேலையின் பெரும்பங்கு அப்போதுதான் நடக்கிறது. நித்திரையை வெட்டினால் கடைசியாகப் படித்ததுதான் முதலில் போகும். அது மட்டுமல்ல. 1997இல் அவுஸ்திரேலியாவில் செய்த ஓர் ஆய்வு, தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயற்றிறன், இரத்தத்தில் 0.05 வீதம் மது உள்ளவரின் நிலைக்கு இறங்குகிறது என்று கண்டது. 24 மணி நேரம் விழித்திருந்தால் அது 0.10 வீதம் போன்றது. எந்தத் தாயும் பிள்ளைக்கு மது கொடுத்துப் பரீட்சைக்கு அனுப்பமாட்டாள். விடிய விடிய விழிக்க வைத்து அனுப்புவதும் ஏறக்குறைய அதுதான். வரலாற்றுப் பாடத்தில் தூக்கக் கலக்கத்தோடு நான்கு பக்கம் எழுதிவிடலாம். கணிதத்தில் மூன்றாம் வரியில் ஒரு சயக்குறி சகக்குறியானால் அதற்குக் கீழே எழுதியதெல்லாம் போயிற்று.

நம் ஊர்த் தேநீரைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வராது. ஆனாலும் கஃபீன் பாதியாகக் குறைவதற்கே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் எடுக்கும். இரவு பத்து மணிக்குக் குடித்த கடும் சாயத்தில் பாதி விடிகாலை மூன்று மணிக்கும் உடம்பில் இருக்கும். பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு சாயமும் கோப்பியும் வேண்டாம். சக்திப் பானம் என்று டின்னில் விற்பது வேண்டவே வேண்டாம். நித்திரை வராமல் இருக்கக் குளிசை கேட்டு எங்களிடம் வராதீர்கள். எழுதித் தரமாட்டோம். நண்பி தந்தாள் என்று யாருடைய குளிசையையும் விழுங்கவும் வேண்டாம்.

சரி, ஓர் இரவுதான் இருக்கிறது. என்ன செய்வது? எங்கள் பொறியியல் தோழிகளும் நாங்களும் சேர்ந்து வகுத்த திட்டம் இது.

மாலையில் முதல் அரை மணி நேரம், ஒரு தாளை எடுத்துப் பாடத்தலைப்புகளை மூன்றாகப் பிரியுங்கள்: நன்றாகத் தெரிந்தவை, அரைகுறையாகத் தெரிந்தவை, தெரியவே தெரியாதவை. மூன்றாவதை அந்த இரவில் தொடாதீர்கள். மனத்துக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் புள்ளி கிடைப்பது இரண்டாவதில்தான். அதில் நான்கைந்து தலைப்பை எடுத்து, ஒவ்வொன்றிலும் கடந்தகால வினா ஒன்றை விடையை மூடிவைத்துவிட்டுச் செய்யுங்கள். பத்து நிமிடம் திணறினால் விடையைப் பாருங்கள். பார்த்ததும் மூடிவிட்டு மறுபடி முதலிலிருந்து எழுதுங்கள். தலைப்புகளைக் கலந்து செய்யுங்கள். சூத்திரங்களை ஒரே ஒரு தாளில் உங்கள் கையாலேயே எழுதுங்கள். மற்றவர் எழுதிய தாளைப் போட்டோப் பிரதி எடுப்பதில் பயன் குறைவு. பத்து, பத்தரைக்குப் புத்தகத்தை மூடுங்கள். அடையாள அட்டை, அனுமதி அட்டை, பேனைகள், கவராயம் எல்லாவற்றையும் பையில் வைத்துவிட்டுப் படுங்கள். நித்திரை உடனே வராவிட்டாலும் பரவாயில்லை, விளக்கை அணைத்துக் கிடங்கள். காலையில் அந்த ஒற்றைத் தாளை மட்டும் ஒரு தரம் பாருங்கள். மண்டப வாசலில் "நீ அது படித்தாயா, இது படித்தாயா" என்று கேட்கும் நண்பிகளிடமிருந்து தள்ளி நில்லுங்கள்.

நேரப் பங்கீட்டையும் முதல் நாளே கணக்கிட்டு வையுங்கள். உயர்தர இணைந்த கணிதத்தில் ஒரு வினாத்தாளுக்கு மூன்று மணி நேரம். பகுதி ஏ பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 25 புள்ளி. பகுதி பி ஏழில் ஐந்து, ஒவ்வொன்றுக்கும் 150 புள்ளி. மொத்தம் 1000. புள்ளிக்கு ஏற்ப நேரத்தைப் பிரித்தால் பகுதி ஏக்கு 45 நிமிடம், பகுதி பியில் ஒரு கேள்விக்கு 27 நிமிடம். 27 நிமிடம் முடிந்தால் கணக்கு முடியாவிட்டாலும் அடுத்ததுக்குப் போங்கள். பல்கலைக்கழகப் பரீட்சைக்கும் இதே முறைதான். செய்த படிகளுக்குப் புள்ளி உண்டு, வெறும் தாளுக்கு எதுவும் இல்லை.

பெண் பிள்ளைகளாகிய உங்களிடம் இன்னும் இரண்டு விடயம் வெளிப்படையாகப் பேச வேண்டும். பரீட்சைக் காலத்தில் மாதவிடாயைத் தள்ளிப்போட மருந்து கேட்டுப் பலர் வருகிறார்கள். அந்த மருந்து எல்லோருக்கும் ஏற்றதல்ல. திகதிக்குச் சில நாட்களுக்கு முன்பே தொடங்க வேண்டியது. முதல் நாள் இரவு கடையில் வாங்கிப் போட்டால் பயனில்லை. வலி கடுமையாக இருப்பவர்கள் ஒரு மாதத்துக்கு முன்பே வைத்தியரைக் காணுங்கள், வழிகள் உண்டு. இதில் வெட்கப்பட எதுவுமில்லை. மற்றது இரத்தச்சோகை. களைப்பு, தலைச்சுற்று, படித்தது மனத்தில் நிற்காமை என்று வரும் பிள்ளைகளில் சிலருக்கு வேண்டியது ஞாபகசக்தி டொனிக் அல்ல, இரும்புச்சத்து. சாப்பாட்டோடு சாயம் குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். பரீட்சை நாள் காலையில் வெறும் வயிற்றோடு போகாதீர்கள். இடியப்பமோ பாணோ, பழக்கப்பட்ட எதையாவது அளவாகச் சாப்பிடுங்கள்.

தாய்மாருக்கும் ஒரு சொல். பெறுபேறு வந்த அன்று பிள்ளை முதலில் பார்ப்பது திரையிலுள்ள புள்ளியை அல்ல, உங்கள் முகத்தை. சித்தியடையாத பிள்ளையை அன்றிரவு தனியே விடாதீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பெறுபேற்றைப் பற்றி அன்று பேசாதீர்கள். உயிரே வேண்டாம் என்ற சொல் பிள்ளையின் வாயில் வந்தால் அதை விளையாட்டாக எடுக்காதீர்கள். தேசிய உளநல உதவி இலக்கம் 1926, அழைத்தால் பேச ஆள் இருக்கிறார்கள். வைத்தியசாலைக்கும் கூட்டி வரலாம். பல்கலைக்கழகத்தில் ஒரு பாடம் தவறினால் மீண்டும் எழுதலாம். அப்படி மீண்டும் எழுதியவர்கள் இன்று பாலம் கட்டுகிறார்கள், வங்கியில் உயர் பதவியில் இருக்கிறார்கள், இந்த மண்டபத்திலும் இருக்கிறார்கள்.

கடைசியாக, சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். இதற்காகத்தான் உண்மையில் இந்தத் தலைப்பையே எடுத்தோம்.

கடைசி இரவில் திண்டாடும் பிள்ளைகள் எல்லோரும் சோம்பேறிகள் அல்லர். பாடத்தின் முற்பகுதியைச் சொல்லித் தர ஆள் இல்லாததாலேயே பலர் கடைசி இரவுக்கு வந்து சேர்கிறார்கள். மலையகத்தில் உயர்தரக் கணிதத்தைத் தமிழில் கற்பிக்கும் ஆசிரியர் கிடைப்பது எவ்வளவு அரிது என்று இங்குள்ள ஆசிரியர்களுக்குத் தெரியும். எல்கடுவைப் பக்கத் தோட்டத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் பிள்ளை, மாலை டியூஷனுக்கு நின்றால் கடைசி பஸ்ஸை விட்டுவிடும். கணிதம் பிடித்தும் கலைப்பிரிவுக்குப் போன கெட்டிக்காரிகள் எங்கள் காலத்திலும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, மிகுதி 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்பது நெடுநாள் விதி. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் உண்டு, மாத்தளை இல்லை. ஆகவே நம் தோட்டத்துப் பிள்ளை நகரத்துப் பெரிய பாடசாலைகளின் பிள்ளைகளோடு சரிசமமாக ஓட வேண்டும். ஓடட்டும், ஓடக்கூடியவள்தான். சப்பாத்தையாவது நாம் வாங்கிக் கொடுக்கலாம்.

இந்நாட்டின் முதற் பெண் பொறியியலாளர் பிரேமளா சிவசேகரம் ஒரு தமிழ்ப் பெண். 1960களின் தொடக்கத்தில் அவர் பொறியியற் பீடத்தில் படித்தார். அவர் திறந்த வாசலால் நம் கல்லூரியிலிருந்தும் சிலர் போனோம். போதாது.

நூற்றாண்டு நினைவாக வளைவு கட்டலாம், மணிக்கூட்டுக் கோபுரம் கட்டலாம். அவற்றோடு ஒரு குப்பியும் தொடங்குவோம் என்பதே எங்கள் யோசனை. உலகெங்கும் இருக்கும் நம் பழைய மாணவிகளில் கணிதம், பொறியியல், கணினி படித்தவர்கள் எத்தனை பேர்! ஒருவர் வாரத்தில் ஒரு மணி நேரம், இணையவழியில், தமிழில், உயர்தரப் பிள்ளைகள் ஐந்து பேருக்குச் சொல்லிக் கொடுத்தால் போதும். வீட்டில் இணைப்பு இல்லாத பிள்ளைகளுக்காகச் சனிக்கிழமைகளில் கல்லூரிக் கணினி அறையைத் திறந்து வைக்க அதிபர் அவர்கள் ஆவன செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். பல்கலைக்கழகம் தெரிவான பிள்ளைகளுக்கு, போவதற்கு முந்திய மாதங்களில், தமிழில் படித்த கணிதச் சொற்களை ஆங்கிலத்தில் பழக்கும் வகுப்பு ஒன்று வேண்டும். அதற்கான சொற்பட்டியலைத் தயாரிக்க எங்கள் அணி பொறுப்பேற்கிறது. பரீட்சைக்குச் சில நாட்களுக்கு முன்பிருந்து டியூஷன் வகுப்புகளையும் கருத்தரங்குகளையும் பரீட்சைத் திணைக்களமே தடைசெய்கிறது. நம் குப்பியும் அந்த நாளுக்கு முன்பே முடிய வேண்டும். அதன்பின் பிள்ளைகள் வீட்டில் அமைதியாக இருக்கட்டும்.

2023 ஜனவரி, பெப்ரவரியில் உயர்தரப் பரீட்சை நடந்த நாட்களிலும் மின்வெட்டு இருந்தது. மெழுகுதிரி வெளிச்சத்தில் படித்த பிள்ளைகளும் சித்தியடைந்தார்கள். விளக்கு எப்படியும் ஏற்றலாம். பக்கத்தில் உட்கார்ந்து "இந்த வரி எப்படி வந்தது?" என்று சொல்லித் தர ஓர் அக்கா வேண்டும். அந்த அக்காவாக இருக்கச் சம்மதிப்பவர்கள் இந்தக் கூட்டம் கலைவதற்கு முன் வாசலில் வைத்திருக்கும் பதிவேட்டில் பெயரையும் பாடத்தையும் எழுதிவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறோம். வெளிநாட்டிலிருந்து இந்த மலரை வாசிப்பவர்கள் சங்கச் செயலாளருக்கு எழுதுங்கள்.

தங்கைகளே, இன்று இரவு நேரத்துக்குப் படுங்கள். கல்லூரி அன்னை வாழ்க.